சென்ட்ஓஎஸ் 7-ஐ 13-ஆம் தலைமுறை இன்டெல் கணினியில் ஓட்ட முடியுமா? வட்டும் தெரியவில்லை, நெட்வொர்க்கும் இல்லை

செனோக்கோ மசாலா

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செனோக்கோவில் மசாலாப் பொடி பொட்டலமிடும் பட்டறை. எடையைத் தராசிலிருந்து வாங்கி லேபல் பிரிண்டருக்கு அனுப்பும் மென்பொருள் சென்ட்ஓஎஸ் 7.6-இல் ஓடுகிறது, கெர்னல் 3.10.0-957. எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை மூடிவிட்டார்கள். மூல நிரல் கையில் இல்லை. உரிமம் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டப்பட்டது. தராசு ஆர்எஸ்-232: 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மென்பொருள் டிடிஒய்எஸ்0 (லினக்ஸில் முதல் சீரியல் போர்ட்டின் பெயர்) தவிர வேறு போர்ட்டைத் திறக்காது. லேபல் பிரிண்டர் நெட்வொர்க்கில், 9100-ஆம் போர்ட்டில்.

பழைய பெட்டி: ஐ5-4590, 500 ஜிபி சாட்டா வட்டு, லெகசி பயாஸ், எம்பிஆர் பார்ட்டிஷன். மதர்போர்டில் இரண்டு மின்தேக்கிகள் உப்பிவிட்டன, ஒரு நாளில் இரண்டு முறையாவது தானாக ரீபூட் ஆகிறது.

புதியது: ஐ5-13500, 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ. அலுவலகங்களுக்கென விற்கும் சின்னப் பெட்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

செய்து பார்த்தவை: குளோன்ஸில்லா மூலம் பழைய வட்டை அப்படியே என்விஎம்இ-க்கு நகலெடுத்தேன், "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது. பிறகு சென்ட்ஓஎஸ் 7.6 ஐஎஸ்ஓ-வைப் பெண்டிரைவில் போட்டேன். இன்ஸ்டாலர் வருகிறது, ஆனால் வட்டுப் பட்டியலில் பெண்டிரைவ் மட்டும்தான். நெட்வொர்க் பக்கமும் காலி.

புதிய கெர்னல் போட்டால் தீருமா, விர்ச்சுவல் மெஷின்தான் வழியா? விர்ச்சுவல் மெஷின் என்றால் தராசு எடையைத் தாமதமில்லாமல் படிக்குமா?

கருப்புத்திரை

நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒன்றாகத் தெரிகின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எது மருந்து என்று புரியும்.

கெர்னல் 3.10 வெளிவந்தது 2013 ஜூனில். ரெட் ஹாட் அதில் பின்னாளைய டிரைவர்களைத் தொடர்ந்து சேர்த்து வந்தது உண்மை. ஆனால் 7.6 வந்தது 2018 கடைசியில், உங்கள் சிபியு வந்தது 2023 ஜனவரியில். இடையில் வந்த சிப் எதையும் அந்தக் கெர்னல் அறியாது.

நகல் வட்டு ஏன் பூட் ஆகவில்லை: அதில் இருப்பது பயாஸுக்கான கிரப் பூட்லோடர். புதிய பெட்டி யூஇஎஃப்ஐ மட்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து சிபியுவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் பழைய விஜிஏ பயாஸ் கிடையாது. அதனால் தனி கார்டு இல்லாமல் சிஎஸ்எம் எனும் பழைய பூட் முறையை இயக்க முடியாது. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் மெனுவிலேயே அது இருக்காது.

வட்டு ஏன் தெரியவில்லை: பெரும்பாலும் விஎம்டி, அதாவது வட்டுகளைத் தன் பொறுப்பில் வைக்கும் இன்டெல்லின் கன்ட்ரோலர். இந்தப் பெட்டிகளில் ஸ்டோரேஜ் அமைப்பு "ரெய்டு ஆன்" என்றே வரும். அப்போது என்விஎம்இ வட்டு விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பயாஸில் அதை ஏஎச்சிஐ/என்விஎம்இ என்று மாற்றினால் 7.6-இன் என்விஎம்இ டிரைவருக்கே வட்டு தெரிந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் இருந்து அது வேண்டும் என்றால் மட்டும் கவனம்: மாற்றிய உடனே விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும், முதலில் சேஃப் மோடுக்குப் போகும்படி அமைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

நெட்வொர்க்: உள்ளே இன்டெல் ஐ219 என்றால் டிரைவர் அதே இ1000இ-தான், ஆனால் புதிய சிப்பின் ஐடி பழைய டிரைவரின் பட்டியலில் இல்லை. ரியல்டெக் 8125 என்றால் அதற்கு மூலக் கெர்னலில் ஆதரவு வந்ததே 5.4 வாக்கில்தான். புதிய டிஸ்ட்ரோவின் லைவ் பெண்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ -என்என்கே கொடுங்கள். எந்தச் சிப், எந்த டிரைவர் என்று அதுவே சொல்லும்.

கிராஃபிக்ஸ்: யூஎச்டி 770-ஐ 3.10 அறியாது. இஎஃப்ஐ ஃபிரேம்பஃபரில் படம் வரும், முடுக்கம் இருக்காது. எடையும் லேபலும் காட்டும் திரைக்கு அது போதும்.

ஜூரோங் வயர்

கேள்விக்கு நேர்ப் பதில்: விர்ச்சுவல் மெஷின். பழைய சிஸ்டத்துக்குப் புதிய இரும்பைப் (வன்பொருளை) புரியவைக்க முயல்வதைவிட, அதற்குத் தெரிந்த இரும்பையே காட்டுவது எளிது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யூ-வுக்குள் இருக்கும் சீபயாஸ், உங்கள் புதுப் பெட்டியில் இல்லாமற்போன லெகசி பயாஸேதான். எம்பிஆர் வட்டு அதில் அப்படியே பூட் ஆகும். மறுநிறுவல் வேண்டாம்.

ஹோஸ்டாக (விர்ச்சுவல் மெஷினைத் தாங்கும் புதிய பெட்டியின் சிஸ்டம்) டெபியன் 13 போடுங்கள், கெர்னல் 6.12. விஎம்டி, ஐ219, 8125, யூஎச்டி 770 எல்லாவற்றையும் அது அறியும். ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. பயாஸில் விடி-எக்ஸ் (சிபியுவின் விர்ச்சுவல் மெஷின் ஆதரவு) ஆன் ஆகியிருக்க வேண்டும். பிறகு விர்ட்-மேனேஜர், லிப்விர்ட், க்யூஇஎம்யூ நிறுவுங்கள்.

நகலெடுக்கும் முன் பழைய வட்டுக்கு ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டுங்கள். "கரன்ட் பென்டிங் செக்டர்" பூஜ்யம் இல்லையென்றால் நேராக டிடி நகல் கட்டளை வேண்டாம், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ-வால் வரைபடக் கோப்போடு எடுங்கள். தடுமாறும் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு நல்ல பகுதியை அது முதலில் காப்பாற்றும். வட்டு நன்றாக இருந்தால் க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி கன்வர்ட், பெரிய ஓ-வுக்குப் பின் க்யூகவ்2 (விர்ச்சுவல் மெஷினின் வட்டுக் கோப்பு வடிவம்) கொடுத்து நேரடியாக மாற்றிவிடலாம். 500 ஜிபி-யை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 5000 நொடி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

யூஎஸ்பி-சாட்டா அடாப்டர் வழியாகப் படிப்பதானால் பிளாக்டெவ் --கெட்எஸ்எஸ் 512 காட்டுகிறதா என்று பாருங்கள். சில அடாப்டர்கள் செக்டர் அளவை 4096 ஆக்கிக் காட்டும். அப்படி எடுத்த நகலில் பார்ட்டிஷன் எல்லைகள் எல்லாம் எட்டு மடங்கு தள்ளிப் போய் வட்டு காலி போலத் தோன்றும்.

இப்போது முக்கியமான இடம். விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும்போது வட்டை விர்ட்டியோ-வாக (விர்ச்சுவல் மெஷின்களுக்கென உள்ள வேகமான சாதன வகை) இணைக்காதீர்கள், எல்லாரும் இங்கேதான் இடறுகிறார்கள். சென்ட்ஓஎஸ் 7-இல் டிராகட் எனும் கருவி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) அது பிறந்த கணினிக்கு வேண்டிய டிரைவர்களோடு மட்டும் கட்டும். உங்களுடையது சாட்டா கணினியில் பிறந்தது. விர்ட்டியோ டிரைவர் உள்ளே இருக்காது. கிரப் வரும், கெர்னல் ஓடும், இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே நிற்கும், கடைசியில் "/டெவ்/மேப்பர்/சென்ட்ஓஎஸ்-ரூட் இல்லை" என்று எச்சரித்து டிராகட் ஷெல்லில் விட்டுவிடும். நகல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி ஒன்றரை மணி நேரம் நகலெடுக்கத் தோன்றும். நகலில் பிழை இல்லை.

ஆகவே மெஷின் வகை க்யூ35, வட்டு பஸ் சாட்டா. க்யூ35 காட்டுவது ஐசிஎச்9 ஏஎச்சிஐ, அந்த டிரைவர் உங்கள் இனிட்ராம்எஃப்எஸ்-இல் ஏற்கெனவே இருக்கிறது. முதல் முறையே பூட் ஆகும். உள்ளே போனபின் வேகம் வேண்டுமென்றால் டிராகட்டை --ஃபோர்ஸ் --ஆட்-டிரைவர்ஸ் என்று விர்ட்டியோ_பிஎல்கே, விர்ட்டியோ_பிசிஐ பெயர்களோடு ஓட்டி, அணைத்து, பஸ்ஸை மாற்றுங்கள். எடை படிக்கும் வேலைக்கு சாட்டாவே தாராளம்.

மற்றவை: ஃபர்ம்வேர் பயாஸ், யூஇஎஃப்ஐ அல்ல. சிபியு மாதிரியை "ஹோஸ்ட் பாஸ்த்ரூ" என்று விடாமல் ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ் கொடுங்கள், பழைய கெர்னலுக்குப் பழகிய சிபியு அது. 2 விசிபியு, 4 ஜிபி போதும். நெட்வொர்க் கார்டு இ1000இ, மேக் முகவரியில் பழைய பெட்டியின் முகவரியை அப்படியே எழுதுங்கள்.

பிரிண்டரோடு ஒரே நெட்வொர்க்கில் நிற்க ஹோஸ்டில் பிரிட்ஜ் வேண்டும். அது கம்பி வழியாக மட்டுமே சரிவரும். வைஃபை அணுகுமுனை, தன்னோடு இணைந்த மேக் முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுகளைத்தான் ஏற்கும், உள்ளே இருக்கும் இன்னொரு முகவரியை விடாது.

தேக்கா டெர்மினல்

மேலே சொன்னது சரி. ஆனாலும் நேரடியாக இரும்பில் ஓட்டும் வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். விர்ச்சுவல் மெஷினுக்கு இடமே தராத உரிமங்கள் உண்டு, சிபியு சீரியலையோ போர்டு சீரியலையோ படித்துச் சரிபார்ப்பவை. அப்படி வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பது நல்லது.

பிஸிஐஇ ஸ்லாட் இருக்கும் பெட்டி என்றால், கெர்னலை மாற்றுவதற்கு முன் கார்டை மாற்றுங்கள். இன்டெல் ஐ210 கார்டு ஐஜிபி டிரைவரில் ஓடும், 3.10-க்கு அது நன்றாகத் தெரியும். வட்டுக்குச் சாட்டா போர்ட் இருந்தால் சாட்டா எஸ்எஸ்டி, இல்லையென்றால் விஎம்டி-யை அணைத்த என்விஎம்இ. யூஇஎஃப்ஐ முறையில் புதிதாக நிறுவி, பழைய வட்டிலிருந்து மென்பொருள் அடைவையும் ஈடிசி கோப்புகளையும் கொண்டுவர வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். 2020-இல் பூட்ஹோல் ஓட்டை வெளிவந்த பிறகு பழைய பூட்லோடர்கள் பல தடைப்பட்டியலில் போய்விட்டன, புதிய பெட்டி அவற்றை ஏற்காது.

இஎல்ரெப்போ-வின் கெர்னல்-எல்டி 5.4-ஐச் சென்ட்ஓஎஸ் 7-இல் போடுவது பரவலான யோசனை. 8125 கார்டுக்கு அது உதவக்கூடும். யூஎச்டி 770-க்கு உதவாது, விஎம்டி பின்னால் இருக்கும் வட்டுக்கும் உதவாது. பாதி வழி வந்து நிற்கும்.

வட்டைப் புதிய லினக்ஸில் வடிவமைத்துவிட்டுப் பழையதில் மவுன்ட் செய்பவர்கள் இன்னொரு பொறியில் விழுவார்கள். இப்போதைய எக்ஸ்எஃப்எஸ் கருவிகள் ரீஃப்லிங்க் அம்சத்தை இயல்பாகவே ஆன் செய்கின்றன. 3.10 அதைப் பார்த்து "சூப்பர்பிளாக்கில் தெரியாத அம்சம்" என்று மவுன்ட் செய்ய மறுக்கும். வடிவமைக்கும்போதே ரீஃப்லிங்க், பிக்டைம் போன்ற புதிய அம்சங்களை அணைக்க வேண்டும், இன்னும் பத்திரமாகச் செய்வதென்றால் சென்ட்ஓஎஸ் 7 ஐஎஸ்ஓ-வின் மீட்பு முறையில் போய் அதன் கருவியாலேயே வடிவமையுங்கள். இஎக்ஸ்டி4-இலும் இதே கதைதான், இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47 முதல் மெட்டாடேட்டா_சிசம்_சீட் இயல்பாக ஆன், பழைய கிரப் அதைப் படிக்காது.

ஈசூன் 11

கன்டெய்னரில் (ஹோஸ்டின் கெர்னலையே பகிரும் தனி அறை) போட்டால் இன்னும் இலகுவாக இருக்காதா?

ஜூரோங் வயர்

@ஈசூன் 11, சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை எழுப்பும் நிரல்) வேண்டாத ஒற்றை நிரல் என்றால் நடக்கும். இங்கே மென்பொருள் சேவையாக ஏறுகிறது என்றால் சென்ட்ஓஎஸ் 7-இன் சிஸ்டம்டி 219 வேண்டும். 231-க்கு முந்தைய சிஸ்டம்டி, சிக்ரூப் (நிரல்களுக்கு வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி) வி2 மட்டும் உள்ள ஹோஸ்டில் கன்டெய்னருக்குள் எழவே எழாது. இன்றைய டிஸ்ட்ரோக்கள் வி2-இல்தான் வருகின்றன, வி1-ஐ ஒவ்வொன்றாகக் கழற்றியும் வருகிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஹோஸ்டை மேம்படுத்தும் அன்று உடையும் ஏற்பாடு பட்டறைக்கு ஆகாது.

செனோக்கோ மசாலா

எல்லாருக்கும் நன்றி. க்யூ35, சாட்டா, பயாஸ் என்று சொன்னபடி செய்ததும் முதல் முறையே சென்ட்ஓஎஸ் திரை வந்தது. இரண்டு விஷயம் மிச்சம்.

ஒன்று, மேக் முகவரி சரியாகவே இருக்கிறது, ஆனால் ஐபி வரவில்லை. பழையதில் இஎன்ஓ1 என்று இருந்தது இப்போது இஎன்பி1எஸ்0 என்று காட்டுகிறது. மென்பொருளும் "உரிமம் இல்லை" என்கிறது.

இரண்டு, யூஎஸ்பி-சீரியல் கேபிளை விர்ச்சுவல் மெஷினுக்குக் கடத்தினால் உள்ளே டிடிஒய்யூஎஸ்பி0 என்று வருகிறது. டிடிஒய்எஸ்0 பெயரில் சிம்லிங்க் போட்டேன், ரீபூட் ஆனதும் போய்விடுகிறது. கேபிளில் எஃப்டிடிஐ சிப், 0403:6001.

கருப்புத்திரை

முதலாவதற்கு: ஈடிசி/சிஸ்கான்ஃபிக்/நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் ஐஎஃப்சிஎஃப்ஜி-இஎன்ஓ1 கோப்பைத் திறந்து பாருங்கள். டிவைஸ்=இஎன்ஓ1 இருக்கும், எச்டபிள்யூஏடிடிஆர் வரி இருக்காது. அந்த வரியைச் சேர்த்து மேக் முகவரியை எழுதி ரீபூட் செய்யுங்கள். எச்டபிள்யூஏடிடிஆர் பொருந்தும் கார்டுக்கு டிவைஸ் வரியில் உள்ள பெயரையே யூடெவ் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் சேவை) சூட்டிவிடும். இஎன்ஓ1 திரும்பி வரும், ஐபி-யும் கூடவே வரும். உங்கள் மென்பொருள் மேக் முகவரியை இஎன்ஓ1 என்ற பெயரைக் கேட்டுத்தான் படிக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் உரிமமும் இதிலேயே தீரும்.

ஜூரோங் வயர்

இரண்டாவதற்கு: யூஎஸ்பி-யைக் கடத்தாதீர்கள். கேபிள் ஹோஸ்டிடமே இருக்கட்டும். விர்ச்சுவல் மெஷினுக்கு உண்மையான 16550 சீரியல் போர்ட் ஒன்றைக் காட்டி, அதன் மறுமுனையை ஹோஸ்டின் கேபிளில் கட்டுங்கள். உள்ளே அது டிடிஒய்எஸ்0 ஆகவே தெரியும். மென்பொருள் 9600 என்று அமைத்தால் அந்த அமைப்பும் ஹோஸ்டின் போர்ட்டுக்குப் போய்ச் சேரும்.

விர்ஷ் எடிட் கொடுத்து எக்ஸ்எம்எல்-ஐத் திறந்தால் சீரியல் என்ற பகுதி "பிடிஒய்" வகையில் இருக்கும். அதை "டெவ்" ஆக்கி, சோர்ஸ் பாதையில் ஹோஸ்டின் /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் உள்ள முழுப் பெயரைக் கொடுங்கள், டிடிஒய்யூஎஸ்பி0 என்று எழுத வேண்டாம். வேறொரு கேபிள் செருகிய நாளில் எண் மாறும், பை-ஐடி பெயர் மாறாது. கீழே கன்சோல் என்ற பகுதியும் அதே போர்ட்டைச் சுட்டும். அதை அழித்துவிட்டுச் சேமியுங்கள், லிப்விர்ட் தானே சரியாக மறுபடி எழுதிக்கொள்ளும்.

சென்ட்ஓஎஸ்-இன் கிரப் வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்0 இருந்தால் நீக்கிவிடுங்கள். இருந்தால் கெர்னல் செய்திகளும் "லாகின்:" கேள்வியும் தராசுக்குப் போகும், லாகின் கேட்கும் "கெட்டி" (getty) எனும் நிரல் போர்ட்டையும் பிடித்துக்கொள்ளும்.

ஹோஸ்டில் மோடம்மேனேஜர் இருந்தால் அகற்றுங்கள். சீரியல் கேபிள் செருகியதும் மோடமா என்று அறிய ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. சிஎச்340 சிப் உள்ள கேபிள் வாங்குபவர்களுக்கு இன்னொன்று: பிரெயில் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் சில டிஸ்ட்ரோக்களில் அந்தச் சிப்பைத் தன்னுடையது என்று பறித்துக்கொள்ளும்.

தாமதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 9600 பாடில் ஒரு எழுத்துக்கு 10 பிட், அதாவது சுமார் 1.04 மில்லிநொடி. தராசு 18 எழுத்து அனுப்பினால் கம்பியில் மட்டும் 19 மில்லிநொடி ஆகும். அதன்மேல் எஃப்டிடிஐ சிப், தன் பஃபர் நிறையும்வரை அல்லது 16 மில்லிநொடி ஆகும்வரை காத்திருந்துதான் அனுப்பும். ஹோஸ்டில் /சிஸ்/பஸ்/யூஎஸ்பி-சீரியல்/டிவைசஸ்/டிடிஒய்யூஎஸ்பி0 அடைவில் லேட்டன்சி_டைமர் கோப்பில் 1 என்று எழுதுங்கள். நிலைக்க யூடெவ் விதி போடுங்கள். மனிதர் பொட்டலத்தைத் தூக்கி வைக்கும் வேகத்துக்கு 16-ம் பரவாயில்லை. தராசு ஒவ்வொரு எடைக்கும் கேள்வி-பதில் முறையில் பலமுறை பேசுவதானால் வித்தியாசம் தெரியும்.

மாற்றுக் கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் கேட்கும்போது 9 முள் கொண்ட ஆர்எஸ்-232 என்று அழுத்திச் சொல்லுங்கள். சர்க்யூட் போர்டுகளுக்கென விற்கும் எஃப்டிடிஐ கேபிளும் பார்வைக்கு அதேதான், ஆனால் அது 3.3 அல்லது 5 வோல்ட் டிடிஎல். தராசின் ஆர்எஸ்-232 மின்னழுத்தம் அதைக் கெடுத்துவிடும்.

தேக்கா டெர்மினல்

ஓடத் தொடங்கியதும் இணையத்தை வெட்டுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது, இனி ஓட்டை அடைக்க யாரும் வரமாட்டார்கள். ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பில் நிலையான ஐபி கொடுத்து கேட்வே வரியை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் அதே சப்நெட்டில் இருப்பதால் லேபல் அடிக்கும், வெளியே மட்டும் போகாது. லேபலில் தேதி அச்சாகிறது என்பதால் கடிகாரம் தவறக் கூடாது, ஹோஸ்டில் நேரம் ஒத்திசைக்கும் குரோனி வைத்து அதிலிருந்தே சென்ட்ஓஎஸ் நேரம் வாங்கட்டும். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் ஏதாவது அந்த வட்டில் இருந்தால் வேறிடம் மாற்றுங்கள். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பு சட்டப்படி நிறுவனத்துடையது.

ஒருவேளை யம் (சென்ட்ஓஎஸ்-இல் மென்பொருள் நிறுவும் கருவி) தேவைப்பட்டால் மிரர்லிஸ்ட் முகவரி இப்போது வேலை செய்யாது. ரெப்போ கோப்பில் மிரர்லிஸ்ட் வரிகளை மூடி, பேஸ்யூஆர்எல்-ஐப் பழைய பதிப்புகளின் காப்பகமான வால்ட் முகவரிக்குத் திருப்ப வேண்டும்.

செனோக்கோ மசாலா

எச்டபிள்யூஏடிடிஆர் வரி சேர்த்ததும் இஎன்ஓ1 வந்தது, உரிமமும் ஏற்றுக்கொண்டது. சீரியலை "டெவ்" ஆக்கியபின் மென்பொருளில் 0.250 கிலோ தெளிவாக வருகிறது, லேபலும் அடிக்கிறது. கிரப்பில் கன்சோல் வரி இல்லை. லேட்டன்சி 1 ஆக்கிவிட்டேன். கேட்வே எடுத்தாயிற்று.

மின்சாரம் போய் வந்தால் ஊழியர்கள் ஒன்றும் தொடாமல் தானே எழ வேண்டும். பழைய பெட்டியை மின்தேக்கி மாற்றி மாற்று ஏற்பாடாக வைக்கலாம் என்றும் எண்ணம்.

ஜூரோங் வயர்

பயாஸில் "ஏசி ரெகவரி" என்பதைப் பவர் ஆன் ஆக்குங்கள், ஹோஸ்டில் விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை விர்ச்சுவல் மெஷினை அணைத்து க்யூகவ்2 கோப்பையும் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் வெளியீட்டையும் வெளி வட்டில் நகலெடுங்கள். இந்த இரண்டு கோப்பும் ஒரு கேபிளும் இருந்தால் எந்த இன்டெல் பெட்டியிலும் அரை மணி நேரத்தில் மீண்டும் எழுப்பலாம்.

பழைய பெட்டியை வைத்திருங்கள், நெட்வொர்க் கம்பியை மட்டும் பிடுங்கி வையுங்கள். இரண்டுக்கும் இப்போது ஒரே மேக், ஒரே ஐபி. இரண்டும் ஒன்றாக ஓடினால் ஸ்விட்ச் பாக்கெட்டை ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும் அனுப்பும், லேபல் பாதியில் நிற்கும், பிழை எங்கே என்று தேடி ஒரு நாள் போய்விடும். அதன் முகப்பில் "கம்பி செருகும் முன் புதியதை அணைக்கவும்" என்று லேபல் அடித்தே ஒட்டிவிடுங்கள்.